அம்மாவின் பீரோவைத் திறக்க முடியாதிருப்பது அவிசுவாசமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, இப்போது சென்னையில் குடும்பத்தோடு வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து 14 மாதங்கள் ஆகின்றன. 81 வயதான தகப்பனார் இவருடன் சென்னையில் இருக்கிறார். ஊர் வீட்டை விற்பதென்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்துவிட்டார்கள். வீட்டை ஒழித்துக் கொடுக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு முறை போய், இரண்டு முறையும் அம்மாவின் பீரோவைத் திறந்து, சேலைகளின் வாசனை முகத்தில் பட்டதும் மூடிவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பொருள்மேல் இவ்வளவு பற்று வைப்பது விக்கிரகாராதனைக்குச் சமம் என்றும், 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும் என்றும் ஒருவர் புத்தி சொன்னாராம். வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி சகோதரர்கள் கேட்பதையும், அதற்கும் 'பரலோகத்தில் பொக்கிஷம் சேர்த்து வை' என்ற வசனமே காரணமாகச் சொல்லப்படுவதையும் கடைசியில் ஒரே வரியில் குறிப்பிட்டிருக்கிறார். 'நான் அவிசுவாசியா? விசுவாசமுள்ள ஒருத்தி இந்தப் பொருட்களை எப்படி விட வேண்டும்?' என்பது அவர் கேள்வி.

சகோதரி, நீங்கள் அவிசுவாசி அல்ல. இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனால் உங்களைக் காயப்படுத்தியவை வேதவசனங்கள் என்பதால், அந்த வசனங்களையே எடுத்துப் பார்க்காமல் வெறும் ஆறுதல் சொல்லி அனுப்புவது சரியாகாது.

விக்கிரகாராதனை என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கொலோசெயர் 3:5-இல் பவுல் 'விக்கிரகாராதனையான பொருளாசை' என்று எழுதுகிறார். உங்களுக்குப் புத்தி சொன்னவர் மனத்தில் இருந்தது இந்த வசனமாகத்தான் இருக்கும். அங்கே பொருளாசை என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல் பிளெயொனெக்சியா. இருப்பது போதாமல் மேலும் மேலும் வேண்டும் என்று தவிக்கும் வேட்கை என்பது அதன் பொருள். பிறனுடையதையும் தனதாக்கிக்கொள்ளத் துடிக்கும் மனத்தைத்தான் அந்தச் சொல் சுட்டுகிறது. தாயார் உடுத்திய சேலையை மடித்து வைக்கக் கை வராமல் நிற்கும் ஒரு மகளிடத்தில் அந்த வேட்கை எங்கே இருக்கிறது? உங்களுக்கு மேலும் ஒன்று வேண்டும் என்பதில்லை. போனவர் வேண்டும், அவர் இல்லை என்பதுதான் உங்கள் நிலை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது வசனத்துக்கும் நியாயமல்ல, உங்களுக்கும் நியாயமல்ல.

யோபுவின் வார்த்தைக்கு வருகிறேன். 'நிர்வாணியாய் என் தாயின் கர்ப்பத்திலிருந்து வந்தேன். நிர்வாணியாய் அவ்விடத்துக்குத் திரும்புவேன். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்' என்ற அந்த வாக்கியத்தை நம் சபைகளில் அடக்க ஆராதனைதோறும் கேட்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை வாசிப்பவர்கள் குறைவு. யோபு எழுந்து, சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையிலே விழுந்து பணிந்தான். அதற்குப் பின்பே அந்தச் சொல் வருகிறது. ஆகவே அது துக்கத்துக்குப் பதிலாக வந்த சொல் அல்ல, துக்கத்தின் நடுவே தரையில் கிடந்தவனின் வாயிலிருந்து வந்த சொல். அதைவிட முக்கியமானது, அது இழந்தவனே சொன்ன சொல் என்பது. இழந்தவனைப் பார்த்து வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. அவனைத் தேடி வந்த மூன்று சிநேகிதரும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்புதான் எல்லாம் கெட்டது. முடிவில் தேவன் கோபங்கொண்டது அழுது புலம்பி வழக்காடிய யோபுவின்மேல் அல்ல, அழகாகத் தத்துவம் பேசிய அந்த நண்பர்கள்மேல்தான். யோபுவின் வசனத்தை உங்கள் வாய் ஒருநாள் தானாகச் சொல்லலாம். அது உங்களுக்கும் தேவனுக்கும் இடையிலுள்ள காரியம். இன்னொருவர் அதை உங்கள் வாயில் திணிக்க உரிமை பெற்றவர் அல்லர்.

இறந்தவர்களின் பொருட்களைப் பிடித்துக்கொண்டு அழுவதை வேதம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு நேரான ஒரு காட்சியே அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்துவிட்டாள். பேதுரு மேல்வீட்டுக்குள் வந்தபோது, விதவைகள் எல்லாரும் அழுது, அவள் தங்களுடனேகூட இருக்கையில் செய்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்து அவனைச் சூழ்ந்து நின்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பெண்கள் காட்டியது துணியையா? தொற்காளின் கையைக் காட்டினார்கள்; அந்தக் கை தங்களுக்குச் செய்ததைக் காட்டினார்கள். பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. 'துணியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே' என்று ஒரு சொல் இல்லை. எலியா எடுத்துக்கொள்ளப்பட்டபோது எலிசாவும் தன் வஸ்திரத்தை இரண்டு துண்டாகக் கிழித்துவிட்டு, குருவின்மேலிருந்து கீழே விழுந்த சால்வையை எடுத்துக்கொண்டுதான் யோர்தானுக்குத் திரும்பினான். உலகத்திலே நாம் ஒன்றும் கொண்டுவந்ததுமில்லை, ஒன்றும் கொண்டுபோவதுமில்லை என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலின் பெயரிலேயே அமைந்த இரண்டாம் நிருபத்தில், மரணம் நெருங்கிய கைதியாக அவர், துரோவாவில் கார்ப்பு வசம் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் வருகிறபோது எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிறதையும் பார்க்கிறோம். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. குளிரும், மேலங்கியும், அது யாரிடம் இருக்கிறது என்ற ஞாபகமும் ஒரு அப்போஸ்தலனுக்கு அற்பமாகத் தோன்றவில்லை.

அப்படியானால் பூமியிலே பொக்கிஷம் சேர்த்து வைக்கவேண்டாம் என்று இயேசு சொன்னதை என்ன செய்வது? அதை மழுப்ப நான் விரும்பவில்லை. பூச்சியும் துருவும் கெடுக்கும், திருடரும் கன்னமிட்டுத் திருடுவார்கள் என்பது நம் பீரோக்களுக்கும் பொருந்தும் உண்மை. 'உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்' என்பது அதைவிடக் கூர்மையானது. 410-ஆம் ஆண்டில் அலாரிக்கின் படைகள் ரோம் நகரைக் கொள்ளையிட்டபோது சொத்தை இழந்த கிறிஸ்தவர்களைக் குறித்து அகஸ்தீன் இதைத்தான் எழுதினார்: கையில் இருந்தபோது எவ்வளவு பற்றியிருந்தோம் என்பதை இழந்தபோது வந்த வலிதான் அவர்களுக்குக் காட்டியது என்றார். லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கர்த்தரே எச்சரித்தும் இருக்கிறார். ஆபத்து உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த எச்சரிப்புகள் யாருக்குச் சொல்லப்பட்டன என்று பாருங்கள். உனக்குண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று ஐசுவரியவானான வாலிபனிடம் இயேசு பேசியபோது, அவனுடைய ஆஸ்தி அவனிடம் பத்திரமாக இருந்தது. அவன் யாரையும் அடக்கம் பண்ணிவிட்டு வந்தவன் அல்லன். அவனிடத்திலும் அன்புகூர்ந்த பின்புதான் பேசினார் என்று மாற்கு கவனமாக எழுதுகிறார். தானாக முன்வந்து துறப்பது ஒன்று. பிடுங்கப்பட்டு நிற்பது வேறொன்று. ஒரே மகனை இழந்த நாயீனூர் விதவையிடம் இயேசு 'விட்டுவிடு' என்று சொல்லவில்லை, மனதுருகினார். சிக்லாகு ஊர் எரிந்து கிடந்தபோது, அழுகிறதற்குப் பெலனில்லாமல் போகுமட்டும் தாவீதும் ஜனங்களும் சத்தமிட்டு அழுதார்கள். அதன் பின்பே அவன் கர்த்தருக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்.

சபைச் சரித்திரத்தில் இதைக் குறித்து எனக்கு மிகவும் பிரியமான ஒரு சம்பவம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய துருக்கியின் வடபகுதியான பொந்துவில், அன்னிசா என்ற இடத்தில், மக்ரீனா என்ற பெண் ஒரு துறவுக் குடும்பத்தை நடத்திவந்தார். பெரிய பசிலியோவும் நிசா நகரத்து ஆயர் கிரெகோரியும் அவருடைய தம்பிமார். குடும்பம் செல்வமானது, பெற்றோரின் சொத்து சகோதர சகோதரிகளுக்குள் சமமாகப் பிரிக்கப்பட்டபோது தமக்கு வந்த பங்கைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் குருவானவர் மூலமாக ஏழைகளுக்குப் போகும்படி விட்டவர் அவர். 379-ஆம் ஆண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு அக்காவைப் பார்க்க வந்த கிரெகோரி, தரையில் பலகையின்மேல் படுத்திருந்த அவரைக் கண்டார்; மறுநாள் மாலை, விளக்கேற்றும் ஜெப வேளையில், அவர் மரித்தார். திடமாக இருக்கவேண்டும் என்று நினைத்த கிரெகோரி, உடனிருந்த கன்னியர் கதறியபோது தாமும் சேர்ந்து அழுதேன் என்று தாமே எழுதிவைத்திருக்கிறார். உடலை உடுத்தி அடக்கம் பண்ண நல்ல உடை ஏதாவது வைத்திருக்கிறாரா என்று அவர் கேட்டபோது, இதோ இந்த மேலாடை, இந்த முக்காடு, தேய்ந்துபோன இந்தச் செருப்பு, இவைதான் அவருடைய ஆஸ்தி, பெட்டியிலோ அறையிலோ வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது.

எல்லாவற்றையும் விட்டுவிட்ட அந்த வீட்டில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. கிரெகோரி கொண்டுவந்த உடையை மக்ரீனாவுக்கு உடுத்திய பிறகு, அவர்களுடைய தாயார் எம்மேலியாவின் கருநிற மேலாடை ஒன்று வெளியே வந்தது. தாயார் முன்னமே மரித்துவிட்டார். ஆனாலும் அந்த ஆடையை அந்தத் துறவுவீட்டில் யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை எடுத்து மகளின்மேல் போர்த்தினார்கள். இரண்டாவதாக, உடலை உடுத்த உதவிய வெத்தியானா என்ற விதவை, மக்ரீனாவின் கழுத்தில் ஒரு நூலில் இரும்புச் சிலுவை ஒன்றும் இரும்பு மோதிரம் ஒன்றும் கோத்திருப்பதைக் கண்டு எடுத்தார். கிரெகோரி சொன்னது என்ன தெரியுமா? இதை நாம் இருவரும் பங்கிட்டுக்கொள்வோம், சிலுவை உனக்கு, மோதிரம் எனக்கு என்றார். ஒரு பேராயர், திரித்துவ உபதேசத்தை நிலைநிறுத்திய தலைசிறந்த இறையியலாளர்களில் ஒருவர், தம் அக்காவின் இரும்பு மோதிரத்தைச் சுதந்தரமாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதை விக்கிரகாராதனை என்று யாரும் சொன்னதில்லை.

இந்தச் சம்பவத்தில் விடுவதும் வைத்துக்கொள்வதும் ஒரே அறையில், ஒரே நாளில் நடப்பதைக் கவனியுங்கள். எனக்கு விளங்குகிறபடி, நம் விசுவாசம் கேட்பது பொருளை வெறுப்பதை அல்ல. அது கேட்பதற்கு நம் சபைத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஒப்புக்கொடுத்தல். விட்டுவிடுவதற்கும் ஒப்புக்கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. விட்டுவிட்ட பொருள் எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. ஒப்புக்கொடுத்த பொருளுக்கு வாங்கிக்கொள்ளும் கை ஒன்று உண்டு. 'பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்று கர்த்தர் சிலுவையில் சொன்னபோதும் கைகளைத்தான் சொன்னார். விற்றுப்போடு என்று ஐசுவரியவானுக்குச் சொன்ன கட்டளையும் அங்கேயே நிற்கவில்லை; தரித்திரருக்குக் கொடு என்று ஒரு கையை நோக்கியே போகிறது.

உங்கள் அம்மா இதை உங்களுக்கு ஒருவேளை அடுக்களையிலேயே கற்பித்திருப்பார். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் உலையில் போட அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடும் பெண்களை நான் பார்த்து வளர்ந்தேன். மாதக் கடைசியில் அந்தப் பிடி அரிசி கோயிலுக்குப் போகும், ஊழியத்துக்கு உதவும். பஞ்ச காலத்திலும் அந்தப் பிடி குறைந்ததில்லை என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அரிசி அற்பம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அரிசியின் அருமையை அவர்களைவிட அறிந்தவர் யார்? அருமையானது என்பதால்தான் அது காணிக்கை ஆயிற்று. உங்கள் அம்மாவின் சேலைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவை குப்பை என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அகற்றினால், அது விசுவாசமும் ஆகாது, காணிக்கையும் ஆகாது.

என் சொந்த அனுபவத்தையும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணிக் கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் தண்ணீர் சன்னல் உயரத்துக்கு ஏறி நின்றது. வடிந்த பிறகு, சேற்றிலிருந்து என் அம்மாவின் வேதாகமத்தை எடுத்து, மொட்டை மாடியில் இரண்டு செங்கற்களுக்கு நடுவே விரித்து வைத்து, பக்கம் பக்கமாகக் காய வைத்தேன். முன்பக்கத்தில் எங்கள் பிறந்த தேதிகளையும் ஞானஸ்நானத் தேதிகளையும் அம்மா பவுண்டன் பேனாவால் எழுதியிருந்தார். அது முழுவதும் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. சங்கீதங்களில் வசனங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்த தேதிகள் மட்டும் அப்படியே இருந்தன. 121-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் எனக்குத் தெரியாத ஒரு தேதி இருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது, எதற்காக அவர் அந்த வசனத்தைத் தேடிப்போனார் என்று கேட்க யாரும் இல்லை. நான் அன்று அழுதது வீட்டுச் சாமான்களுக்காக அல்ல, பீரோவுக்காக அல்ல. அந்த நீலத் திட்டுக்காக. நாற்பது ஆண்டுகள் வேதபாடம் கற்பித்தவன் நான். அந்த அழுகைக்காகத் தேவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

இப்போது நீங்கள் ஒரே வரியில் குறிப்பிட்டுக் கடந்துபோன காரியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அம்மாவின் சேலையை விடுவதும், உங்கள் பங்கை விடுவதும் ஒன்றல்ல. ஒன்றுக்கான வசனத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்த யாரையும் அனுமதிக்காதீர்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். வீடு உங்கள் அம்மாவின் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் மரித்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு உங்கள் அப்பாவுக்கு; மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் சட்டம் பிரிப்பதில்லை. நீங்கள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. வீடு அப்பாவின் பெயரில் இருந்தால் அவர் உயிரோடிருக்கும்வரை அது முழுவதும் அவருடையது. விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவரே. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது உங்கள் மனப்பூர்வமான விருப்பமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். கொடுப்பதில் சந்தோஷம் உண்டு. வசனத்துக்குப் பயந்து, துக்கத்தில் தளர்ந்து, கேட்டார்களே என்று எழுதிக் கொடுப்பது காணிக்கை அல்ல. நிலத்தை விற்று, கிரயத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுரு, 'அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?' என்று கேட்டார். முதல் சபையிலேயே, எல்லாம் பொதுவாயிருந்த அந்தச் சபையிலேயே, ஒருவருடையது அவருடையதுதான் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. தகப்பன் பெயரால் தங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்று மோசேயின் முன் நின்ற செலோப்பியாத்தின் குமாரத்திகள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கும்படி சகோதரிக்கு மட்டும் போதித்துவிட்டு, பூமியிலுள்ள பொக்கிஷத்தைச் சகோதரர்கள் பிரித்துக்கொள்வது சுவிசேஷம் அல்ல. உங்கள் அண்ணன் தம்பியை நான் அறியேன். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று சொல்லவும் மாட்டேன். குறைந்தது ஒரு வருடமாவது எதிலும் கையெழுத்திடாதிருங்கள் என்பது மட்டும் என் ஆலோசனை.

பீரோவுக்குத் திரும்புகிறேன். அதிலிருந்து தொடங்காதீர்கள். அடுக்களையிலிருந்து தொடங்குங்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். யார் கலியாணத்துக்கு யார் கொடுத்தது, எந்த வருடம் என்று விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, அந்தப் பெயருக்குரியவர்களுக்கோ அவர்கள் பிள்ளைகளுக்கோ கொடுக்கலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்கள். சித்தி கொடுத்த தூக்குவாளி ஐம்பது வருடம் கழித்துச் சித்தியின் பேத்தியிடம் திரும்பிப் போயிற்று. அவள் அதில்தான் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொடுத்தனுப்புகிறாள். மருந்துகளையும் பழைய ரசீதுகளையும் யோசிக்காமல் அப்புறப்படுத்தலாம். மூக்குக்கண்ணாடி கையில் கிடைக்கும்போது மனம் உடையும். உடையட்டும், அன்றைய வேலையை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சேலைகளைக் கொடுக்கும்போது யாருக்கு என்பதை நீங்களே தீர்மானியுங்கள், மொத்தமாக மூட்டை கட்டி எங்கோ அனுப்பாதீர்கள். அம்மாவுக்குக் கடைசி நாட்களில் கைகால் பிடித்துவிட்டவர், வீட்டு வேலைக்கு வந்தவர், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். நல்லதைக் கொடுங்கள். வெள்ள நேரத்தில் எங்கள் ஊருக்கு லாரி லாரியாக வந்த உடுப்புகளில் கிழிந்ததும் பொத்தான் அற்றதுமாகப் பாதி தெருவோரத்தில் கிடந்து மக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது; தனக்கு வேண்டாததை ஏழைக்குக் கொடுப்பதைக் காணிக்கை என்று சொல்ல என் வாய் வராது. துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன நூல் சேலைகள் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். தூளி கட்ட அதைப்போல் வேறு துணி கிடையாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குழந்தை பிறக்கவிருந்தால் அதற்கு ஆகட்டும்.

உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளவும் வேண்டும். கிரெகோரி மோதிரத்தை எடுத்துக்கொண்டதைப்போல, ஒன்றோ இரண்டோ. வேதாகமத்தையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், குறைந்தது ஓரக் குறிப்புகளை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை. தாலியைக் குறித்துக் குடும்பத்துக்குள் பேச்சு வரலாம். உருக்கிப் பிரிப்பதா, மருமகளுக்கா, மகளுக்கா என்று. அதைக் கட்டினவர் உயிரோடிருக்கிறார். அவர் சொல்வதே முடிவு.

இங்கேதான் நான் உங்களிடம் கேட்க விரும்பும் ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்வி முழுவதிலும் அப்பா ஒரே ஒரு இடத்தில், வயதோடு மட்டும் வருகிறார். வீட்டை விற்க முடிவு செய்தவர்கள் மகன்கள். ஒழிக்கப் போகிறவர் மகள். அந்த வீட்டில் வாழ்ந்த மனிதர் சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறார். யோவான் சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில், சிலுவையின் கீழே போர்ச்சேவகர் இயேசுவின் வஸ்திரங்களை நான்கு பங்காக்கி, தையலில்லாமல் நெய்யப்பட்ட அங்கிக்குச் சீட்டுப்போட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்ததாக, தாயையும் அன்பாயிருந்த சீஷனையும் கண்டு, 'அதோ, உன் மகன்', 'அதோ, உன் தாய்' என்று அவர் சொன்னது வருகிறது. தம் உடைகள் யாருக்குப் போகின்றன என்பதைக் குறித்து அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாய் யாருடன் இருப்பார் என்பதைக் குறித்துப் பேசினார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவரைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்.

ஆகவே மூன்றாவது முறை ஊருக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அப்பாவுக்குப் பிரயாணம் தாங்குமானால் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். தாங்காதென்றால் வீடியோ அழைப்பில் அவரை வைத்துக்கொண்டு பீரோவைத் திறங்கள். ஒவ்வொரு சேலையையும் எடுத்துக் காட்டி, இது எப்போது வாங்கியது என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு எதுவும் ஞாபகமிருக்காது என்று நினைக்காதீர்கள். எதைத் தன் அறையில் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்றும் கேளுங்கள். அது நீங்கள் நினைத்ததாக இராமல், ஒரு பழைய தலையணை உறையாகவோ கொத்துச் சாவியாகவோ இருக்கலாம். அதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்த பிறகு, மீதிச் சாமான்களைப் பற்றி அண்ணனிடமும் தம்பியிடமும் பேசலாம்.